சாப்பாட்டு வரிசைக்காகக் கட்டிய ஊர்

கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் பியூனா பார்க் என்று ஒரு நகரம். அதன் ஊடே வடக்கு தெற்காகப் போகிறது பீச் புலவார்டு. அந்தச் சாலையோரம் இருக்கிற நாட்ஸ் பெர்ரி ஃபார்ம், அமெரிக்காவின் முதல் தீம் பார்க் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும். கொரோனா வந்ததும் 2020 மார்ச் நடுவில் அதை மூடினார்கள். ரோலர் கோஸ்டர்கள் மறுபடி ஓடியது 2021 மே மாதத்தில்தான். ஆனால் நடுவில் இருந்த அத்தனை மாதமும் அது பூட்டிக் கிடக்கவில்லை. 2020 ஜூலையில் தொடங்கி, ஒரு ராட்டினம்கூடச் சுற்றாத அந்தப் பூங்காவுக்குள் ஜனங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு, மாஸ்க் மாட்டிக்கொண்டு, சாப்பிடுவதற்கென்றே போனார்கள். பக்கத்து ஊரான லா பால்மாவில் பல வருஷமாகக் குடியிருக்கிறவள் நான், நானும் போனேன்.

"ரைடு இல்லாத பார்க்குக்கு எதுக்கு அக்கா காசு குடுக்கறீங்க?" என்று ஆர்ட்டீசியாவில் மளிகைக் கடைத் தம்பி கேட்டான். கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த இடத்தின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. அந்தப் பூங்கா பிறந்ததே சோற்றுத் தட்டிலிருந்து. ராட்டினமெல்லாம் பின்னால் வந்த சங்கதி. மாஸ்க் காலத்து விதிகள், பின்னால் வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் என்ன இருந்ததோ அதை மட்டும் மிச்சம் வைத்தன.

அந்த முதலைப் பார்ப்போம்.

வால்டர் நாட் என்ற விவசாயி, மனைவி கார்டீலியாவோடும் பிள்ளைகளோடும் 1920இல் பியூனா பார்க்குக்கு வந்தார். உறவுக்காரர் ஒருவரோடு சேர்ந்து இருபது ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து பெர்ரிப் பழம் பயிரிட்டார். இன்றைய பீச் புலவார்டுக்கு அப்போது கிராண்ட் அவென்யூ என்று பெயர். கடற்கரைக்குப் போகிறவர்களின் கார்கள் அந்த வழியாகத்தான் போகும். சாலையோரம் ஒரு கொட்டகை போட்டுப் பழம் விற்றார்கள். 1928இல் நிரந்தரமாக ஒரு கட்டடம் எழும்பியது. ஒரு பக்கம் பழக்கடை, ஒரு பக்கம் நாற்றுப் பண்ணை, நடுவில் கார்டீலியா நடத்திய சின்னத் தேநீர் அறை. சாண்ட்விச், சூடான ரொட்டியோடு ஜாம், பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை என்கிற பலகாரம். அவ்வளவுதான் அங்கே கிடைக்கும்.

அந்தக் குடும்பத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாய்சன்பெர்ரி, செத்துக்கொண்டிருந்த ஒரு கொடியிலிருந்து வந்தது. ருடால்ஃப் பாய்சன் என்பவர் பிளாக்பெர்ரி, ராஸ்பெர்ரி, லோகன்பெர்ரி வகைகளைக் கலந்து புதுசாக ஒன்றை உண்டாக்கிப் பார்த்துவிட்டு, சரிப்பட்டு வராமல் விட்டுவிட்டார். பிற்பாடு அவர் அனஹைம் நகரத்தின் பூங்காக்களைக் கவனிக்கிற வேலைக்குப் போய்விட்டார். அமெரிக்க வேளாண் துறையின் ஜார்ஜ் டாரோ அந்தப் பழத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, 1930களின் தொடக்கத்தில் வால்டர் நாட்டைத் தேடி வந்தார். பாய்சன் விற்றுவிட்டுப் போன பழைய தோட்டத்தில் களைகளுக்கு நடுவே வாடிக் கிடந்த கொடிகளைக் கண்டுபிடித்து, வால்டர் எடுத்துவந்து வளர்த்தார். பழத்துக்குப் பாய்சனின் பெயரையே வைத்தார். கறுஞ்சிவப்பு, நல்ல புளிப்பு, கையில் எடுத்தாலே நசுங்கிவிடும். நசுங்குகிற பழத்தை லாரியில் ஏற்றித் தூரதேசம் அனுப்ப முடியாது. ஜாமாகக் காய்ச்ச வேண்டும், இல்லையென்றால் பை பலகாரத்துக்குள் வைத்துச் சுட்டு அங்கேயே விற்க வேண்டும். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுக்கூடம் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

பொருளாதார மந்தம் நாட்டைப் போட்டு வாட்டிக்கொண்டிருந்த காலம். 1934 ஜூன் 13ஆம் தேதி, பெர்ரிக் கடைக்கு வந்தவர்களுக்குக் கார்டீலியா கோழி வறுத்துப் போட்டார். தட்டுகள் அவருடைய கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள். ஒரு சாப்பாடு 65 சென்ட். அன்றைக்குப் போனது எட்டுச் சாப்பாடு. வறுத்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு, குழம்பு, காய்கறி, பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டி, ருபார்ப் தண்டில் செய்த இனிப்பு, கடைசியில் பெர்ரி பை. இன்றைக்கும் அந்த உணவகத்தில் ஏறக்குறைய இதேதான் வருகிறது. நான் கோழி தொடாதவள். எனக்கு பிஸ்கட், ஜாம், பை போதும்; எங்கள் வீட்டுக்காரர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்.

எட்டு, நூறாகி, ஆயிரமாயிற்று. 1940 வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாலாயிரம் சாப்பாடு வரை போயிற்று. அத்தனை பேருக்கும் இடம் ஏது? மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்திருப்பதற்குள் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கிற கூட்டத்தை நமக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துக்குப் பொழுது போகாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வால்டர் நாட்டுக்கும் தெரிந்திருந்தது. காத்திருக்கிறவர்கள் கோபித்துக்கொண்டு காரை எடுத்துவிடக் கூடாதே என்று பாறைத் தோட்டம் போட்டார், செயற்கை அருவி விட்டார், தண்ணீரில் சுற்றுகிற ஆலைச் சக்கரம் வைத்தார். 1940இல் அவர் எடுத்தது பெரிய அடி. பாலைவனத்தில் கைவிடப்பட்ட சுரங்க ஊர்களிலிருந்து பழைய கட்டடங்களை வாங்கிப் பெயர்த்துக் கொண்டுவந்து, பெர்ரித் தோட்டத்துக்கு நடுவில் ஒரு முழு ஊரையே நிறுத்தினார். கோஸ்ட் டவுன், பேய் ஊர். கொல்லன் பட்டறை, மரப்பலகை நடைபாதை, சாராயக் கடை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு மேற்கத்திய ஊர் எப்படி இருந்ததோ அப்படி.

அந்த ஊரைச் சுற்றிப் பார்க்க அப்போது காசு கிடையாது. காசு கோழிக்கு. ஊர், காத்திருப்புக்கு.

1952இல் அதற்குள் நிஜமான நீராவி ரயில் வந்தது. 1960இல் சுரங்க ரயில், 1969இல் மரக்கட்டையில் உட்கார்ந்து தண்ணீரில் வழுக்கி விழுகிற ரைடு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு. பூங்காவைச் சுற்றி வேலி போட்டு, வாசலில் காசு வாங்க ஆரம்பித்தது 1968இல்தான். கோழி வறுக்க ஆரம்பித்து முப்பத்துநாலு வருஷம் கழித்து. அந்த வேலி கோஸ்ட் டவுனை உள்ளே வைத்துக்கொண்டது, உணவகத்தை வெளியே விட்டுவிட்டது. இன்றும் அப்படித்தான். பூங்காவுக்குள் போகாமலே போய்க் கோழி சாப்பிட்டுவிட்டு வரலாம். இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் சாப்பாடும் வேடிக்கையும் அங்கே பிரிந்தது அந்த வேலியில்தான். அதற்கப்புறம் பூங்காவுக்குள் சாப்பாடு என்பது ரைடுக்கும் ரைடுக்கும் நடுவில் வாயில் போட்டுக்கொள்கிற பண்டம் என்று ஆகிப்போனது.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, அனஹைமில், 1955 ஜூலை 17ஆம் தேதி டிஸ்னிலாண்ட் திறந்தது. அந்த நாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது தண்ணீர்க் கதையைத்தான். குழாய்த் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்திருந்தார்கள். கழிப்பறையா குடிதண்ணீர்க் குழாயா, இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க நேரம் இருந்தது. வால்ட் டிஸ்னி கழிப்பறை என்றாராம். கொளுத்துகிற வெயிலில் வந்த கூட்டத்துக்குக் குடிக்கத் தண்ணீர் போதவில்லை. குளிர்பானம் விற்பதற்காகச் செய்த சூழ்ச்சி என்று அவர்மேல் பழி வந்தது. தீம் பார்க்கில் தண்ணீர் குடிப்பதுகூட அரசியல்தான் என்பது முதல் நாளிலேயே தெரிந்துபோயிற்று.

டிஸ்னி பழக்கிவிட்டது நடந்துகொண்டே சாப்பிடுகிற பழக்கம். அங்கே இன்றும் கைகளில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் புரியும். சர்க்கரை தூவிய நீள சுரோஸ், கதாயுதம் அளவு பெரிய வான்கோழிக் கால், குச்சியில் மிக்கி ஐஸ்கிரீம், கழுத்தில் மாட்டிக்கொள்கிற பாப்கார்ன் வாளி. மேசை வேண்டாம், ஸ்பூன் வேண்டாம், உட்கார வேண்டாம். உட்கார்ந்தால் ரைடு வரிசை போய்விடும். பூங்காக்காரர்களுக்கும் அதுதான் வசதி. கூட்டம் ஓரிடத்தில் தேங்காது, போகிற வழியெல்லாம் காசு விழும். ஃபுளோரிடாவில் டிஸ்னி 1982இல் திறந்த எப்காட் பூங்காவில் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாட்டு அரங்குகள் இருக்கின்றன. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடை. 1996 முதல் அங்கே உணவும் ஒயினுமாக ஒரு விழா நடக்கிறது. ஒரு நாட்டில் வாங்கி, அடுத்த நாடு வருவதற்குள் தின்று தீர்ப்பதுதான் அதன் முறை.

இப்படி நடந்துகொண்டே தின்கிற உலகத்துக்குள்தான் மாஸ்க் வந்தது.

மாஸ்க்குக்கும் வாய்க்கும் உள்ள வழக்கு புதிது கிடையாது. 1918இல் இன்புளூயன்சா பரவியபோது சான் பிரான்சிஸ்கோ நகரம் அக்டோபர் மாதம் மாஸ்க் சட்டம் போட்டது. வெளியில் வருகிறவர்கள் எல்லோரும் மூக்கையும் வாயையும் மூட வேண்டும்; சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் விலக்கு. போடாதவர்களைப் பிடித்து அபராதம் போட்டார்கள், சிலரைச் சிறைக்கும் அனுப்பினார்கள். எந்த மாஸ்க் சட்டத்துக்கும் இந்த ஒரு விலக்கு இருந்தே தீர வேண்டும். ஆனால் சாப்பிடுவது என்றால் எது? முதல் கவளத்துக்கும் கடைசிக் கவளத்துக்கும் நடுவில் பேசுவது சாப்பாட்டில் சேர்த்தியா? காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது? நூறு வருஷம் கழித்து தீம் பார்க்குகள் இந்தக் கேள்விகளுக்குத்தான் வரி வரியாகப் பதில் எழுத வேண்டி வந்தது.

முதலில் மாட்டிக்கொண்டது ஃபுளோரிடா. வால்ட் டிஸ்னி வேர்ல்டு 2020 ஜூலை 11 அன்று மேஜிக் கிங்டம், அனிமல் கிங்டம் இரண்டையும், ஜூலை 15 அன்று எப்காட்டையும் ஹாலிவுட் ஸ்டூடியோஸையும் திறந்தது. இரண்டு வயதுக்கு மேல் எல்லோருக்கும் மாஸ்க் கட்டாயம். சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் மட்டும் கழற்றலாம். ஜூலை மாத ஆர்லாண்டோ எப்படி இருக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். வெயில் ஒரு பக்கம், புழுக்கம் ஒரு பக்கம், மதியம் இடி மழை. அதில் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு நடக்க யாருக்குத்தான் பிடிக்கும்? அங்கே இருக்கிற என் நாத்தனார் போனில் சொன்னாள்: "அண்ணி, கையில ஒரு கப்பு இருந்தா போதும். நாள் பூரா உறிஞ்சிட்டே நடக்கறாங்க. யாரும் ஒண்ணும் கேக்க முடியல." பாப்கார்ன் வாளிக்கு அதுவரை இல்லாத மதிப்பு வந்தது. அது பசிக்கு வாங்குகிற பொருளாக இல்லாமல், முகத்தைத் திறந்து வைத்துக்கொள்ள வாங்குகிற அனுமதிச் சீட்டாக ஆகிவிட்டது.

டிஸ்னி இதைக் கவனிக்க அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. திறந்து ஒரு வாரம் ஆகிறபோது விதியில் ஒரு திருத்தம் வந்தது. சாப்பிடவோ குடிக்கவோ மாஸ்க்கைக் கழற்றலாம், ஆனால் ஓரிடத்தில் நின்றிருக்க வேண்டும், மற்றவர்களிடமிருந்து தள்ளியும் இருக்க வேண்டும். சின்னத் திருத்தம்தான். அதன் விளைவு பெரியது. நடந்தபடி சாப்பிடுவதற்கென்றே வார்த்த பண்டங்களை இப்போது சுவரோரம் ஒதுங்கி, குப்பைத் தொட்டி பக்கத்தில், மர நிழலில் நின்றபடி தின்றார்கள். எப்காட்டின் உணவு விழா பூங்கா திறந்த அன்றே தொடங்கியது. நாடு நாடாக நடந்து தின்ற விழா, நாட்டுக்கு நாடு நின்று தின்னும் விழாவாக மாறியது. மாஸ்க்கை இறக்கி மூச்சு விடுவதற்கென்றே ஒவ்வொரு பூங்காவிலும் சில இடங்களை ஒதுக்கினார்கள். முன்பு வரிசையில் நின்று வாங்கிய சாப்பாட்டைப் போனிலேயே சொல்லிவிட்டு, தயார் என்று செய்தி வந்த பிறகு போய் எடுத்துக்கொள்வது பெரும்பாலான கடைகளில் வழக்கமாயிற்று. அந்த வசதி 2017இலேயே வந்ததுதான். அதுவரை விரும்பியவர்கள் பயன்படுத்தியது, இப்போது எல்லோருக்கும் என்று ஆயிற்று.

எங்கள் பக்கம் கதை வேறு. ஆரஞ்சு கவுண்டியில் மாஸ்க் என்பது சண்டையாகவே ஆரம்பித்தது. 2020 மே மாதம் கவுண்டியின் தலைமைச் சுகாதார அலுவலர் மாஸ்க் கட்டாயம் என்று உத்தரவு போட்டார். அவர் வீட்டு வாசல்வரை போய் எதிர்ப்புக் காட்டினார்கள், மிரட்டினார்கள். ஜூன் மாதம் அவர் பதவியை விட்டே போய்விட்டார். கவுண்டி உத்தரவைத் தளர்த்தியது. சில நாளிலேயே, ஜூன் 18 அன்று, கலிபோர்னியா அரசு மாநிலம் முழுவதற்கும் மாஸ்க் கட்டாயம் என்றது. ஜூலையில் உணவகங்களின் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவதைத் தடை செய்தது. வெளியில் மேசை போட்டால் சரி. தீம் பார்க்குகளுக்கு அனுமதியே இல்லை.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராட்டினம் கூடாது. கூரைக்குக் கீழே சாப்பாடு கூடாது. திறந்த வெளியில் சாப்பாடு போடலாம். நாட்ஸ் பெர்ரி ஃபார்மிடம் என்ன இருந்தது? சமையலறைகள் இருந்தன, பல ஏக்கர் திறந்த வெளி இருந்தது, அந்த வெளிக்கு நடுவில் காத்திருப்பவர்களுக்காக எண்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய ஓர் ஊர் இருந்தது. ஜூலையில் 'டேஸ்ட் ஆஃப் காலிகோ' என்று பெயர் வைத்து கோஸ்ட் டவுனைத் திறந்தார்கள். அரசாங்கக் கணக்கில் அது பூங்கா கிடையாது, வெளிப்புற உணவகம். வாசலில் ஒரு அட்டை தருவார்கள். கடை கடையாகப் போய் ஒவ்வொரு பண்டத்துக்கும் அட்டையில் ஒரு துளை போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் அதே பாணியில் இலையுதிர்காலத்துக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று.

பலகை நடைபாதையில் இடைவெளி விட்டுத் தரையில் ஒட்டியிருந்த பட்டைகள். மேலே, பின்னணியில், அசையாமல் நிற்கிற ரோலர் கோஸ்டர். வழக்கமாக அந்த ஊரில் நின்றால் தலைக்கு மேல் கூச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்றைக்குக் கேட்டதெல்லாம் எண்ணெய்ச் சத்தமும், எங்கோ ஒரு பாஞ்சோவும்தான். நான் வாங்கியது ஃபனல் கேக். மாவைப் புனல் வழியாகக் கொதிக்கிற எண்ணெயில் சுற்றி விடுவார்கள். பார்க்க நம்ம ஜாங்கிரிக்குத் தடியான உறவுக்காரன் போல இருக்கும். மேலே பொடிச் சர்க்கரை, அதற்கு மேல் பாய்சன்பெர்ரிக் கூழ். அதை மாஸ்க்கோடு வாங்கி மேசைவரை கொண்டுபோவதே ஒரு வித்தை. மூச்சு மேலே ஏறிக் கண்ணாடி மூடிக்கொள்கிறது. இரண்டு கையிலும் தட்டு. உட்கார்ந்த பிறகுதான் மாஸ்க்கைக் கழற்றலாம். கழற்றியதை எங்கே வைப்பது? மேசையில் வைக்கப் போனேன். "அம்மா, மேசையில வைக்காதே!" என்றாள் மகள். காதிலேயே ஒரு பக்கமாகத் தொங்கவிட்டால் கூழில் தோய்கிறது. தாடைக்குக் கீழே இறக்கினால் சர்க்கரைப் பொடி முழுக்க அதற்குள் போகிறது. முழங்கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள். விவரமானவர்கள் காகிதப் பை கொண்டுவந்திருந்தார்கள். ஆட்கள் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். தட்டு காலியாகி, அரட்டை மட்டும் மிச்சமிருக்கிற மேசைக்கு வந்தால் தன் மாஸ்க்கை விரலால் தொட்டுக் காட்டுவார்கள். அதட்டல் இல்லை. நாமும் எடுத்து மாட்டிக்கொள்வோம். வீட்டுக்கு வந்து துவைத்தபோது துணியின் உள்பக்கம் ஊதாக் கறை. அது எத்தனை துவைத்தும் போகவில்லை.

இந்தக் கவளக் கணக்கு அக்டோபரில் நாடு முழுக்கச் சிரிப்பாயிற்று. கலிபோர்னியா ஆளுநர் அலுவலகம் ட்விட்டரில் ஒரு அறிவுரை போட்டது: வீட்டு ஆட்களோடு வெளியே சாப்பிடப் போனால், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் மாஸ்க்கைப் போட்டுக்கொள்ள மறக்காதீர்கள் என்று. அடுத்த மாதமே ஆளுநர் கேவின் நியூசம், நாப்பா பள்ளத்தாக்கின் விலை உயர்ந்த ஓர் உணவகத்தில் நண்பர் பிறந்தநாள் விருந்தில் மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்திருந்த படம் வெளிவந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஊர் வாய் மூடவில்லை.

சிரித்தாலும், விதிக்குப் பின்னால் காரணம் இருந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தது. அறிகுறியோடு பரிசோதனைக்கு வந்தவர்களில், தொற்று உறுதியானவர்கள் முந்தைய இரண்டு வாரத்தில் உணவகத்தில் சாப்பிட்டதாகச் சொன்னது, தொற்று இல்லாதவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடைக்குப் போவது, சலூனுக்குப் போவது போன்றவற்றில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. காரணம் தெரிந்ததே. கடையில் மாஸ்க்கோடு நிற்கலாம். சாப்பாட்டு மேசையில் வாய் திறந்தே ஆக வேண்டும், அதுவும் நெடுநேரம், அதுவும் பேசிக்கொண்டு.

டிசம்பரில் தெற்குக் கலிபோர்னியாவின் மருத்துவமனைகள் நிரம்பின. டிசம்பர் 6 இரவு முதல் வெளியில் மேசை போட்டுச் சாப்பாடு போடுவதற்கும் தடை வந்தது. பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அவ்வளவுதான். ராட்டினம் இல்லாமல் ஐந்து மாதம் தாக்குப்பிடித்த ஏற்பாடு, உட்கார்ந்து சாப்பிட முடியாது என்றதும் நின்றுபோனது. அப்போதுதான் அந்த இடத்தைத் தாங்கி நிற்பது எது என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் விளங்கியது. அந்தத் தடை 2021 ஜனவரி 25 வரை இருந்தது. அதே ஜனவரியில் டிஸ்னிலாண்டின் ஒரு கார் நிறுத்துமிடம் தடுப்பூசி முகாமாக மாறியது.

மார்ச் மாதம் இரண்டு பூங்காவும் சாப்பாட்டோடு திரும்பி வந்தன. நாட்ஸில் பாய்சன்பெர்ரி விழா. டிஸ்னி தன் கலிபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவில் 'எ டச் ஆஃப் டிஸ்னி' என்று ஒன்று நடத்தியது. நுழைவுக்கு 75 டாலர், அதில் 25 டாலர் சாப்பாட்டுக்குக் கழித்துக்கொள்ளலாம், ரைடு ஒன்றும் கிடையாது. சீட்டுகள் கிடுகிடுவென்று விற்றுப்போயின. அமெரிக்காவின் மிகப் பெரிய பொழுதுபோக்கு நிறுவனங்களில் ஒன்று, 1934இல் கார்டீலியா நாட் செய்ததைத்தான் செய்தது: முதலில் சாப்பாடு போடு, மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

ஏப்ரல் 1 முதல் தீம் பார்க்குகள் திறக்கலாம் என்று மாநிலம் சொன்னது. தொற்று நிலவரத்தைப் பொறுத்துக் கொள்ளளவில் 15, 25, 35 சதவீதம் என்று வரம்பு. டிஸ்னிலாண்ட் ஏப்ரல் 30 அன்று, கலிபோர்னியாவாசிகளுக்கு மட்டும் என்று திறந்தது. நாட்ஸில் ரைடுகள் பொதுமக்களுக்கு ஓடியது மே 21 முதல். ஜூன் 15இல் மாநிலம் பெரும்பாலான கட்டுப்பாடுகளை எடுத்தது. ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் அதற்கு ஒரு மாதம் முன்பே, மே 15 அன்று, வெளியிடங்களில் மாஸ்க் அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். உள்ளிடங்களில் மட்டும் அது போவதும் வருவதுமாக 2022 வரை நீண்டது. நடந்துகொண்டே வான்கோழிக் கால் கடிக்கிற உரிமை திரும்பி வந்தது. நிற்க வைத்த விதி போய், நடக்கிற பழக்கம் ஒரே நாளில் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்தக் காலத்தை இழப்புக் கணக்காக மட்டும் எழுதுகிறவர்கள் உண்டு. இழப்பு இருந்தது, டிஸ்னி மட்டுமே 2020 செப்டம்பரில் 28,000 பேரை வேலையிலிருந்து நிறுத்துவதாக அறிவித்தது. அந்த மாதங்களில் எங்கள் தெருவிலேயே வேலை போனவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு பூங்காவின் வரலாற்றைப் பார்க்கிறவருக்கு அந்தப் பத்து மாதம் வேறொன்றையும் காட்டியது. தீம் பார்க் என்றால் உயரமும் வேகமும் என்று விளம்பரம் நம்மை நம்பவைத்திருந்தது. அவற்றை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது ஜனங்கள் வந்தார்கள். வெயிலில் வரிசையில் நின்றார்கள். தட்டை வாங்கிக்கொண்டு, நின்ற இடத்தில் நின்று, மாஸ்க்கை இறக்கிச் சாப்பிட்டார்கள். பந்தி போடுவதை நிறுத்தியபோதுதான் வாசல் மூடியது.

இந்தப் பக்கம் வருகிற சொந்தக்காரர்கள் என்னிடம் எந்த ரைடு நல்லது என்று கேட்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான். சீட்டு வாங்குவதற்கு முன்னால், வேலிக்கு வெளியே இருக்கிற அந்தக் கோழிக் கடையில் பெயரைக் கொடுங்கள். கூட்ட நாளில் நேரம் ஆகும். கூப்பிடும்வரை அக்கம்பக்கம் சுற்றிப் பாருங்கள். அந்தச் சுற்றிப் பார்ப்பதற்குத்தான் அங்கே மற்ற எல்லாவற்றையும் கட்டியிருக்கிறார்கள்.